கதவிடுக்கில் வைத்த கால்

பிப்ரவரி 9

கடுகுக்கு,

உன் அண்ணன், வாண்டு, நான், மூவரும் நலம். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ அழுதுவிடுவாய். நீ அழுதால் நான் உடனே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவேன். பதினோரு வருடப் பழக்கம். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

நூலகத்து மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? பட்டறை முடிந்ததும் கையில் பிளாஸ்டர் மாவு காய்ந்திருக்க நேரே அங்கே போய்விடுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை டீச்சர் வேலை தேடுகிறவர்கள் அறிய வேண்டிய சொற்றொடர்களை நடத்தினார். பலகையில் ஒன்றை எழுதி வாய்விட்டுப் படித்தார். 'கெட் யுவர் ஃபுட் இன் த டோர்.' கதவைச் சாத்துவதற்குள் இடுக்கில் காலை வைத்துவிட்டால் அப்புறம் யாரும் சாத்த முடியாது. அதுபோல, சின்ன வேலையாக இருந்தாலும் ஓர் இடத்துக்குள் நுழைந்துவிட்டால் பெரிய வாய்ப்பை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று விளக்கினார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை.

சென்ற மே மாதத்தை உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. நீ இப்போது இருக்கும் அந்தப் பெரிய மையத்திலிருந்து மூன்று பேர் வந்து இங்கே நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். இரண்டு வருடப் பயிற்சி. ஒரே ஓர் இடம். நம் பட்டறையிலிருந்து நாம் இருவர் போனோம். முதலில் நீ, அடுத்து நான். கண்ணாடி போட்ட அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். என் காதில் விழுந்தவை இரண்டு வார்த்தைகள்: பாதம், கதவு. ஒன்பது வருடமாகச் செயற்கைக் கால் செய்கிறவளிடம் வேறு எதைக் கேட்பார்கள்? கால் பொருத்திக்கொண்டவர் நிலைப்படியைத் தாண்டுவது எப்படி என்று கேட்பதாக எண்ணிக்கொண்டேன். எழுந்து போய், அந்த அறைக் கதவையே திறந்து, குதிகால் எங்கே ஊன்ற வேண்டும், முன்பாதம் எவ்வளவு தூக்க வேண்டும் என்று நடந்து காட்டினேன். சிரித்தார்கள். பதில் பிடித்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அவர்கள் அதிகம் கேட்கவில்லை.

அது என்னோடு போகட்டும். உன்னிடம் நான் கேட்பது வேறு. நீ உள்ளேயிருந்து வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க?" என்றேன். "சாதாரணமாத்தான் அண்ணி, பயப்படாதீங்க" என்றாய். உன்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை எழுது.

அண்ணி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டேன். அண்ணனுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? பேருந்து ஓட்டும் இருக்கையில் பஞ்சு மெத்தை போட்டுக்கொள்ளச் சொன்னேனே, போட்டாரா? வாண்டுவுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

இங்கே நல்ல குளிர். அறையில் நாங்கள் மூன்று பெண்கள். மற்ற இருவரும் குறட்டை விடுகிறார்கள், அதுவும் முறை வைத்து. வேலையைக் கேட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்சு எடுப்பதே இல்லை. கையடக்கமான ஒரு கருவியை வெட்டுப்பட்ட காலைச் சுற்றிக் காட்டினால் போதும், கணினித் திரையில் அப்படியே உருவம் வந்து நிற்கிறது. போன வாரம்தான் என்னைத் தனியாக ஒரு கால் அளக்க விட்டார்கள். நன்றாக வந்தது.

நீங்கள் கேட்டதைப் பற்றி. அன்றைக்கு இருந்த பதற்றத்தில் என்ன கேட்டார்கள், நான் என்ன உளறினேன் என்று எதுவுமே சரியாக நினைவில்லை அண்ணி. ஒருவரிடம் கேட்டதையே அடுத்தவரிடமும் கேட்பார்களா என்ன? நடந்து முடிந்த கதை. இதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கடுகு

மார்ச் 2

கடுகுக்கு,

நான் கேட்டது ஒரு வார்த்தை. நீ அனுப்பியது மூன்று பக்கம்.

உனக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது இந்த வீட்டுக்கு வந்தவள் நான். கணக்கில் தோற்றுப்போய் மதிப்பெண் அட்டையை அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தாயே, அந்த வாரம் முழுக்க என்னிடம் தலைவலியா, கால்வலியா என்று விசாரித்துக்கொண்டே இருந்தாய். பொய் சொல்லும்போதெல்லாம் நீ அடுத்தவர் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுவாய். உன் கடிதத்தில் உன் அண்ணனின் முதுகு, வாண்டுவின் பல், என் உடம்பு என்று ஒருவர் பாக்கியில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வாண்டுவிடம் பேசிவிட்டு, போன் என் கைக்கு வருவதற்குள் வைத்துவிட்டாய். உன் அண்ணன் "சிக்னல் போயிடுச்சு போல" என்றார். நானும் ஆமாம் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆமாம் போட எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி.

இன்னொன்றும் கேட்கிறேன். நடந்து காட்டுவதற்காக நான் அந்தக் கதவைத் திறந்தபோது எதிரே பெஞ்சில் நீதான் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்தாய்.

இதற்கும் பதில் வராவிட்டால் அடுத்த கடிதம் என்னிடமிருந்து வராது.

அண்ணி

மார்ச் 13

அண்ணிக்கு,

ஆம். கேட்டார்கள்.

இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. கால், கதவு என்று நானும் திருதிருவென்று விழித்தேன். நான் விழிப்பதைப் பார்த்து அந்தக் கண்ணாடி அம்மாவே சிரித்துக்கொண்டு வேறு மாதிரி கேட்டார். இந்தத் தொழிலுக்குள் முதலில் எப்படி நுழைந்தாய் என்றார். நான் உங்களைப் பற்றித்தான் சொன்னேன் அண்ணி. படிப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன், என் அண்ணி பட்டறை மேஸ்திரியிடம் மூன்று மாதம் விடாமல் கேட்டு, கூட்டிப் பெருக்கும் வேலைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று என்னை உள்ளே கொண்டுபோனார், மாவு குழைப்பதிலிருந்து வார் தைப்பது வரை அவரிடம்தான் கற்றேன் என்றேன். பதில் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. அப்படியானால் கதவிடுக்கில் உன் காலை வைத்தது உன் அண்ணிதான் என்றார் அந்த அம்மா. அந்தச் சொற்றொடரை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

வெளியே வந்தேன். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஒரே இடம் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. உங்களுக்கு ஒன்பது வருட அனுபவம், எனக்கு மூன்று. வேலையில் உங்களை நான் ஏழு ஜென்மத்துக்கும் ஜெயிக்க முடியாது. ஜெயிக்க எனக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

அதோடு நின்றிருந்தால்கூட பயத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. உங்கள் வலது கால் நிலைப்படியில் இருந்தது. குனிந்து குதிகாலைத் தொட்டு அவர்களுக்கு ஏதோ காட்டினீர்கள். நிமிரும்போது என்னைப் பார்த்து, நல்லாப் போகுது என்பதுபோல் சிரித்தீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணி, அது இல்ல" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தலையைக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வார் சரியாகத்தான் இருந்தது.

முடிவு வந்த அன்று நீங்கள்தான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். என் பெட்டியை அடுக்கியதும் நீங்கள்தான். பேருந்து நிலையம் வரை வாய் ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டு வந்தீர்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அண்ணனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.

கடுகு

மார்ச் 30

அண்ணிக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக நீங்கள் கடைக்குப் போயிருப்பதாக அண்ணன் சொல்கிறார். அவர் குரல் எப்போதும்போல இருக்கிறது. அதனால் உங்களால் இன்னும் சொல்ல முடியவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான் ஒரு காரியம் செய்தேன். கண்ணாடி அம்மாதான் இங்கே இயக்குநர். நேற்று அவர் அறைக்குப் போய், அந்தக் கேள்வியைத் தெரிந்துகொண்டே உங்களிடம் மறைத்ததைச் சொன்னேன். தேர்வில் கேட்டதை அடுத்தவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, உன்னைத் தண்டிக்க எனக்கு வழியில்லை என்றார். தண்டித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து சென்ற வருடக் கோப்பை எடுத்தார். உங்களைப் பற்றி அவர்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். பாதத்தைப் பற்றிய அறிவு மற்ற எல்லாரையும்விட மேல். கேள்வி புரியவில்லை. நோயாளிகளோடு பேசிப் புரிந்துகொள்ள முடியுமா என்பது சந்தேகம். அவ்வளவுதான். வேறு எந்தக் குறையும் இல்லை. அந்தக் கேள்வி காரணமாக இருக்காது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசையோடுதான் உள்ளே போனேன். அந்த ஆசையும் போயிற்று.

வரும் ஜூலையில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏப்ரல் 25 கடைசி நாள். விளம்பரத்தில் வந்த படிவம்தான், யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். பரிந்துரை செய்யும் இடத்தில் நான் இல்லை. தேர்வும் காணொளியில், வேறு மூன்று பேர் நடத்துவார்கள்.

கடுகு

ஏப்ரல் 10

கடுகுக்கு,

உன் படிவம் வந்த அன்று அதை இரண்டாகக் கிழித்தேன். முதலில் இதைத் தெரிந்துகொள். திருடிய வீட்டுக்கே வந்து திறவுகோலை நீட்டுகிறாயா என்று ஆத்திரம். இயக்குநரிடம் போய்ச் சொன்னது என் மனம் ஆறவா, உன் மனம் ஆறவா? உன் பாரத்தை நீ இறக்கிவைத்துவிட்டாய். என் பாரம் எங்கே போகும்?

கிழிந்த தாள் உன் அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். உன்னைத் திட்டுவார், அல்லது சின்னப் பெண் தெரியாமல் செய்துவிட்டாள் என்பார் என்று எதிர்பார்த்தேன். எதுவும் இல்லை. எழுந்துபோய்த் துவைத்துக் காய்ந்திருந்த சீருடைச் சட்டையை மறுபடி தண்ணீரில் முக்கினார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கு உனக்குக் கிடைக்கலைன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு. அவளை மட்டும் நான் என்னன்னு சொல்ல?"

வாண்டுவை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் தனியாக எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குப் பயம் இருந்திருக்கிறது. வாயைத் திறந்து ஒரு நாள் சொன்னதில்லை. போ, போ என்றுதான் சொன்னார். அன்று அந்தப் பெஞ்சில் நீ. வீட்டில் அவர். நடுவில் நான் சிரித்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டிக் காட்டியிருக்கிறேன். நான்கு நாள் அவரோடும் பேசவில்லை.

ஐந்தாம் நாள், நாம் கால் செய்து கொடுத்த அந்தத் தையற்காரப் பெண் பட்டறைக்கு மூன்றாவது முறையாக வந்தாள். நம் பாதம் கட்டைபோல் விறைத்து நிற்கிறது, தையல் இயந்திரத்தின் மிதியை அவளால் மிதிக்க முடியவில்லை. வளைகிற பாதம் செய்து கொடுங்கள் என்கிறாள். இங்கே அது வராது என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன். அவள் காலை மாட்டிக்கொண்டு போனாள். நீ இருக்கும் இடத்தில் அந்த வளையும் பாதத்தைத் தினமும் செய்கிறார்கள்.

நூலகத்தில் வேறு படிவம் எடுத்து நிரப்பி அனுப்பிவிட்டேன். நீ அனுப்பியதில் இல்லை. கையெழுத்து வாங்க மேஸ்திரியிடம் நானே போனேன். உன் அண்ணன் தபால் நிலையத்துக்கு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். இருந்தும் வந்தார், பத்தடி பின்னால்.

அண்ணி

ஏப்ரல் 19

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டது சரிதான். என் பாரத்தை இறக்கத்தான் போனேன். அங்கே போய் நின்ற பிறகுதான் அதுவே எனக்குத் தெரிந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பேசினார். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அவர் போனை வைக்கவும் இல்லை. நானே வைத்தேன்.

தேர்வில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நம்ப மாட்டேன்.

கடுகு

மே 17

கடுகுக்கு,

தேர்வு முடிந்தது. முடிவும் வந்துவிட்டது. இயக்குநர் வழியாக உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். உனக்காக இல்லை. இந்த ஒரு செய்தியாவது என் வாயால் போகட்டும் என்றுதான்.

மேஸ்திரி தன் அறையைக் கொடுத்தார். மேசைமேல் கணினி, திரையில் மூன்று முகங்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. அளவு எடுப்பது, வார் பொருத்துவது, புண் வராமல் பார்ப்பது என்று எல்லாம் என் கைக்குத் தெரிந்த விஷயம், வாய் தானாகப் பேசியது. பிறகு நடுவில் இருந்தவர் ஏதோ கேட்டார். பந்து, உங்கள் பக்கம் என்று மட்டும் காதில் விழுந்தது. சென்ற வருடம்போலவே, தலையை ஆட்டிவிட்டுத் தெரிந்ததைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பந்து என்றதும் இடுப்பு மூட்டின் பந்துக்கிண்ணம்கூட நினைவுக்கு வந்துவிட்டது, போயேன்.

நான் நிறுத்திவிட்டேன். எனக்கு இது புரியவில்லை, சாதாரண வார்த்தையில் கேளுங்கள் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பந்து உங்கள் பக்கம் என்றால் முடிவு உங்கள் கையில் என்று பொருள், இடம் கிடைத்தால் வருவதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், எப்போது சொல்வீர்கள் என்று கேட்டார். வருகிறேன், இப்போதே சொல்கிறேன் என்றேன்.

அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சென்ற வருடமும் நான் கேட்டிருக்கலாம். ஒன்பது வருட அனுபவம் உள்ளவள் புரியவில்லை என்று சொல்வதா என்ற வெட்கத்தில் தலையாட்டிவிட்டேன். உன் பங்கு உன்னுடையது, அதில் ஒரு துளிகூட நான் குறைக்கப்போவதில்லை. ஆனால் என் பங்கு என்றும் ஒன்று இருந்திருக்கிறது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஜூலை 4 அன்று சேர வேண்டும்.

உன் அண்ணன் பணிமனையில் பேசி, இரண்டு வருடத்துக்குக் காலை முறை மட்டும் வாங்கிக்கொண்டார். என்னிடம் கேட்காமல், எனக்குச் சொல்லாமல் செய்திருக்கிறார். வாண்டுவுக்குத் தலைவாரப் பழகுகிறார், அவள் தினமும் கோணல் வகிடோடு பள்ளிக்குப் போகிறாள். உன்மேல் அவருக்குக் கோபமா என்று கேட்டேன். "கோபம் இருந்தா பேசித் தீத்துடுவேன். இது அது இல்ல" என்றார். அவரை அவசரப்படுத்தாதே.

நான் எங்கே தங்குவது என்று யோசிக்க வேண்டாம். உன் அறையில் தங்க மாட்டேன், மையத்துக்கே எழுதி வேறு அறை கேட்டுவிட்டேன். பயிற்சிக் கூடத்தில் ஒரே மேசையில் போட்டால் வேலை செய்வேன். எனக்குத் தெரியாததை உன்னிடம் கேட்பேன், நீ காட்டித்தர வேண்டும். அங்கே நீ எனக்கு ஒரு வருடம் மூத்தவள். சாப்பாட்டு நேரத்தில் கொஞ்ச நாள் தனியாக உட்கார்வேன். எத்தனை நாள் என்று எனக்கே தெரியாது. மன்னித்துவிட்டேன் என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் தேடாதே. இல்லை.

ஆனால் ஒன்று வேண்டும். ரயில் காலை ஆறு மணிக்கு வந்து சேர்கிறது. நிலையத்து வாசலிலிருந்து மையத்துக்கு எந்த எண் பேருந்து, எந்தப் பக்கம் நின்று ஏற வேண்டும், எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று தெளிவாக எழுது. மொழியும் அரைகுறை, ஊரும் புதிது. வேறு யாரிடமும் நான் கேட்கப்போவதில்லை. நீ எழுதுகிற பேருந்தில்தான் ஏறுவேன்.

அண்ணி